விரல்கள் உடையாத வேகம்

1

இந்தக் கதை ஒரு குறுஞ்செய்தியிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்பனையாக ஒரு தொடக்கம் செய்யலாம் என்று நினைத்தேன், செய்தும் பார்த்தேன்.

திருகோணமலை ஓர்ஸ் ஹில் சரிவில், உள்துறைமுகம் தெரியும் மேல்மாடி விறாந்தையில் நின்று அவள்

(இதை இத்தோடு விட்டுவிட்டேன். துறைமுகத்தைக் காட்டித் தொடங்கினால் கதை துறைமுகத்தின் பின்னால் போய்விடும். இது வீட்டு இன்டர்நெட் இணைப்பைப் பற்றிய கதை.)

குறுஞ்செய்தி இவ்வளவுதான்: "அக்கா வாங்க. தங்கச்சி விரல் உடையுது."

அனுப்பியவள் கீழ்வீட்டு நஸ்ரியா. கணவன் முனீப் பலநாட் மீன்பிடிப் படகில் போகிறவன்; மாதத்தில் பாதி கடலில்தான். அவள் வீட்டில் பிறந்தநாள் கேக் செய்து விற்கிறாள். பிறவியிலேயே காது கேளாதவள். நான் பிரதேச செயலகத்தில் வேலை செய்துவிட்டுப் பின்னேரங்களில் கதை எழுதுகிறவள். அதுவரை எங்களுக்குள் இருந்த பழக்கமெல்லாம் கையசைப்பும், குறுஞ்செய்தியும், படியில் ஏறிவரும் கேக் துண்டுகளும்தான்.

செருப்பைப் போடாமலே இறங்கி ஓடினேன். குசினியில் அவள் கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்துவிட்டு எனக்காக நின்றாள். திரையில் அவளுடைய தங்கை பஸ்மியா. கலியாணம் முடித்து இங்கிலாந்தில், லெஸ்டரில் இருப்பவள். அவளுக்கும் காது கேளாது. விரல் ஒன்றும் முறியவில்லை, படம்தான் முறிந்துகொண்டிருந்தது. பஸ்மியா கையைத் தூக்கினால் மணிக்கட்டுவரைக்கும் கை இருந்தது, அதற்குமேல் மங்கலாக ஒரு துடுப்பு. பிறகு படம் அப்படியே உறைந்தது. மறுபடி அசைந்தபோது கை அவள் மடியில் கிடந்தது. இடையில் அவள் ஏதோ சொல்லி முடித்திருந்தாள்.

எங்களுக்குப் படம் நின்றாலும் குரலாவது வரும். அவர்களுக்குப் படம்தான் குரல். அந்தக் குசினியில் நிற்கும்வரை நான் இதை யோசித்ததேயில்லை.

2

அடுத்த சங்கடம் எழுத்துச் சங்கடம். இவர்கள் பேசுவதை நான் எந்தத் தமிழில் எழுதுவது?

நஸ்ரியா பிறந்தது கிண்ணியாவில். நான் கேட்டு எழுதும் மற்றவர்களுக்கெல்லாம் ஒரு ஊர்ப்பேச்சு உண்டு. ஆம் என்பதற்கு ஓம் என்பார்கள், முடியாது என்பதற்கு ஏலாது என்பார்கள். நஸ்ரியா இந்தச் சொற்களை எழுத்தில் கண்டிருக்கிறாள், ஒருநாளும் கேட்டதில்லை. பிந்தித்தான் பள்ளிக்கூடம் போனாள், பிந்தித்தான் எழுதப் படித்தாள். அதற்கு வெகு முன்னமே அவளும் தங்கையும் தங்களுக்குள் ஒரு கைமொழியைச் செய்து முடித்திருந்தார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. இரண்டு சிறுபிள்ளைகள், ஒரு வீடு, நாள் முழுக்கச் சொல்ல வேண்டியவை. அவ்வளவிலேயே ஒரு மொழி பிறந்துவிட்டது.

அதில் எங்கள் நகரத்துக்குப் பெயர் நெற்றியோரம் விரியும் இரண்டு கைகள்: மான்கொம்பு. முதன்முதல் திருகோணமலைக்கு வந்த அன்று அவர்கள் கண்டது நடுவீதியில் நின்ற புள்ளிமான்களை. கிண்ணியாவுக்குப் பெயர் தளும்பித் தளும்பி நகரும் உள்ளங்கை. அந்தக் காலத்தில் துறையைக் கடக்க ஓடிய பாதைப்படகு அது. பாலம் வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. அவர்கள் கைகளில் இன்னும் படகுதான் ஓடுகிறது. சுனாமிப் பேரலைக்கும் ஒரு சைகை உண்டு என்றாள். காட்டச் சொல்லிக் கேட்டேன். காட்டவில்லை.

அவர்களுடைய உம்மாவுக்கு அந்த மொழியில் பாதி தெரிந்திருந்தது. அவர் இப்போது இல்லை, மௌத்தாகிவிட்டார். முனீப்புக்குச் சாப்பாட்டுக்கும் சண்டைக்கும் போதிய அளவு தெரியும். முழுதாக அறிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி லெஸ்டரில், மற்றவள் என் காலடியில், கீழ்மாடியில். நான் அவள் தலைக்குமேல் உட்கார்ந்து மொழியைப் பற்றிக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

(முந்தின வரைவில் நஸ்ரியாவின் குறுஞ்செய்திகளின் இலக்கணத்தைத் திருத்தியிருந்தேன். வாசித்துவிட்டு அவள் எழுதினாள்: "இது நீங்கள் செய்த நஸ்ரியா." ஆகவே குறுஞ்செய்திகள் வந்தபடியே வருகின்றன. கைகளால் சொன்னவற்றை என் தமிழில் எழுதுகிறேன். அதில் வரும் பிழைகள் என்னுடையவை.)

3

அவசரம் என்னவென்று இன்னும் சொல்லவில்லை. சொல்லத் தயங்கினேன், இப்படியொரு செய்தி ஒரு கதைக்குள் வந்ததும் மற்ற எல்லாவற்றையும் தின்றுவிடும்.

பஸ்மியாவின் காதை எடுத்துக்கொண்ட அதே பிறவிக் குறை இப்போது அவள் கண்ணையும் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஓரங்களிலிருந்து உள்நோக்கி. எவ்வளவு தெரிகிறது என்று நஸ்ரியா எனக்குக் காட்டினாள். இரண்டு கைகளாலும் ஒரு பெரிய வட்டம் பிடித்தாள், அது பஸ்மியாவின் கலியாண வருடம். அதைத் தட்டளவாக்கினாள். வளையலளவாக்கினாள். அதில் நிறுத்தி, இப்போது என்றாள். லெஸ்டர் வைத்தியர்கள் மிச்சம் எப்போது என்று சொல்லவில்லை. யாராலும் சொல்ல ஏலாதாம்.

"அதைக் காட்டும்போது அவள் கண்கள் கலங்கின" என்று முதலில் எழுதியிருந்தேன். வரைவை வாசித்த நஸ்ரியாவின் பதில்: "நான் அழவில்லை. அடுப்பில் கேக். அதைப் பார்த்தேன்." அந்த வரியை எடுத்துவிட்டேன். உண்மையில் அன்று கேக்கின் ஒரு பக்கம் கருகித்தான் போனது.

பார்வை போனபிறகு கையைக் கையில் வைத்துப் பேசும் முறையொன்று இருக்கிறது. பஸ்மியா அங்கே அதைப் பழகத் தொடங்கிவிட்டாள். ஒருத்தி சைகை செய்ய, மற்றவள் அந்தக் கைகளின்மேல் தன் கைகளை வைத்து அறிந்துகொள்வாள். ஆனால் அது எந்தக் கேபிளிலும் போகாது. அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆகவே அந்த வளையல் இருக்கும்வரை படம் தெளிவாக இருக்க வேண்டும். நஸ்ரியாவின் வீட்டில் இருந்தது சிம் போட்ட பழைய ரவுட்டர். பின்னேரம் அயலெல்லாம் வீடு திரும்பி இன்டர்நெட்டைத் திறந்தால் இந்த வீட்டில் படம் உறையும். லெஸ்டரில் பஸ்மியாவுக்கு ஓய்வு கிடைப்பதும் அந்த நேரத்தில்தான். பிரதான வீதிக் கம்பங்களில் பைபர் கேபிள் வந்திருந்தது. ஆனால் பழைய இணைப்பின் ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தது.

4

கம்பனியின் வாடிக்கையாளர் தொலைபேசி இலக்கத்துக்கு நான்தான் கோல் எடுத்தேன். (கம்பனியின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்களும் நஸ்ரியாவின் பெயரைச் சரியாக உச்சரிக்கவில்லை.)

நல்ல குரலுள்ள ஒரு பெண். இணைப்பு யார் பெயரில் என்று கேட்டாள். நஸ்ரியா பெயரில், கேக் வியாபாரத்துக்காக அவளே எடுத்தது. அப்படியென்றால் உரிமையாளரோடு கதைக்க வேண்டும் என்றாள்.

"அவ கதைக்க மாட்டா. காது கேளாதவ. பக்கத்திலதான் நிக்கிறா" என்றேன்.

கொஞ்ச நேரம் விசைப்பலகைச் சத்தம் கேட்டது.

"அப்ப அவங்களுக்கு வசதியான இன்னொரு நேரத்தில எடுக்கட்டுமா மேடம்?"

நான் அந்தப் பெண்ணைக் கேலி செய்யவில்லை. அவளுக்கு முன்னால் இருந்த திரையில் காது கேளாதவர்களுக்கென்று ஒரு பொத்தான் இருந்திருக்காது. ஒப்பந்தத்தை முறிக்க வழி என்ன என்று கேட்டேன். இடையில் முறித்தால் கட்டணம் உண்டு, அதற்கும் உரிமையாளரின் குரல் வேண்டும் என்றாள். தொலைபேசியை வைத்துவிட்டு நஸ்ரியாவுக்கு எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். அவள் மாவுக்கையைத் துடைத்துவிட்டுச் சுவரில் தொங்கிய அபாயாவை எடுத்தாள். நேரே போகலாம் என்று அதற்கு அர்த்தம்.

5

கிளை அலுவலகத்தில் எங்களுக்குக் கிடைத்தவர் ஜவாஹிர் என்ற உத்தியோகத்தர். தடிமன் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். நான் கதிரையில் இருந்த உடனேயே வாதாடத் தொடங்கினேன். ஒரு மனிசியின் கண் ஒப்பந்தம் முடியும்வரை காத்திருக்காது என்றேன். முறிப்புக் கட்டணம் அநியாயம் என்றேன். நன்றாகத்தான் பேசினேன், அலுவலகத்தில் பலர் திரும்பிப் பார்த்தார்கள். ஜவாஹிர் பொறுமையாகக் கேட்டு, தன்னால் முறிக்க ஏலாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நஸ்ரியா என் வாயையும் அவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கைபேசியில் தட்டினாள். மேசைமேல் அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"நான் விட்டுப் போக வரவில்லை. இந்தக் கம்பனி சரி. நல்ல லைன் வேணும்."

ஜவாஹிர் வாசித்தார். மூக்குறிஞ்சுவது நின்றது.

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமே மிஸ்" என்று என்னைப் பார்த்தார். "விட்டுட்டுப் போறதுக்குத்தான் தடை. மேல போறதுக்கு ஒரு தடையுமில்ல."

அவர் விளக்கியது இதுதான். ஒப்பந்தத்துக்குள் இருப்பவர் அதே கம்பனியில் கூடிய வேகத்துக்கு மாறலாம், பைபருக்கும் மாறலாம். முறிப்புக் கட்டணம் கிடையாது. மாதக் கட்டணம் கொஞ்சம் ஏறும். எங்கள் ஒழுங்கை பிரதான வீதியோடு சேரும் முகப்பில் நிற்கும் கம்பத்திலிருந்து கேபிள் இழுக்கலாம், எட்டும். ஆனால் பழைய ஒப்பந்தத்தின் மிச்சம் போய், அன்றிலிருந்து புதிதாக இரண்டு வருடம் தொடங்கும்.

"ரெண்டு வருஷத்துக்கு விடவும் ஏலாது, கீழ இறங்கவும் ஏலாது. யோசிச்சுச் சொல்லச் சொல்லுங்க."

அதை அவளுக்கு எழுதிக் காட்ட என் விரல் தயங்கியது. இரண்டு வருடம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எனக்கு அவள் கைகளால் பிடித்துக் காட்டிய அந்த வளையல் தெரிந்தது. எந்தக் காரணத்துக்காக இந்த வேகத்தை வாங்குகிறாளோ, அது இந்த ஒப்பந்தத்துக்கு முன் முடிந்துபோகலாம். அதை நான் எழுதவில்லை. எழுதாமலே அவளுக்குத் தெரியும். காலத்தை மட்டும் எழுதினேன்.

அவள் உடனே பதில் தட்டி ஜவாஹிருக்கே காட்டினாள்.

"மூன்று வருடம் இல்லையா?"

"இல்ல தங்கச்சி, ரெண்டுதான் ஆகக் கூட" என்று அவர் சிரித்தார். அவள் பகிடி விடுகிறாள் என்று நினைத்தார். நான் சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த பேனையை எடுத்து மூடியைத் திறந்து திறந்து பூட்டிக்கொண்டிருந்தேன்.

6

இன்னுமொன்று மிச்சமிருந்தது. கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கோல் வரும், வாடிக்கையாளர் தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும், அது பதிவாகும்.

இந்த இடத்தை இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறேன். முதலாவது:

ஜவாஹிர் தொலைபேசியை நீட்டினார். நஸ்ரியா அதை வாங்கினாள். அந்நியர் முன்னால் ஒருநாளும் திறவாத அவள் தொண்டையிலிருந்து, கரகரத்து, உடைந்து, ஆனால் தெளிவாக, "ஓம்" என்று

(நடக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கே புல்லரித்தது. அதனால்தான் சந்தேகம் வந்தது. நஸ்ரியா இந்தப் பந்தியை வாசித்துவிட்டு எழுதினாள்: "எனக்கு மொழி இருக்கு. ஏன் உங்கள் மொழியில் ஓம் சொல்ல வேணும்?")

நடந்தது இது. கோல் வந்தது. வாடிக்கையாளர் பேசமாட்டார், ஆனால் முன்னால்தான் இருக்கிறார் என்று ஜவாஹிர் சொன்னார். குரலில்லாமல் ஏலாது என்று கொழும்பில் இருந்தவள் சொல்லியிருக்க வேண்டும். அவர் கதிரையை விட்டு எழும்பி நின்று பேசினார். "இவங்கட முகத்த நான் பாக்கிறன். அடையாள அட்டை என்ட கையில இருக்கு. நீங்க பாக்கல்ல, அதுதான் வித்தியாசம்" என்றார். மேலதிகாரியைக் கேட்டார். காத்திருந்தார். கடைசியில் அவர்கள் வீடியோ கோலுக்குச் சம்மதித்தார்கள்.

ஜவாஹிரின் கணினித் திரையில் காதுப்பொறி மாட்டிய ஓர் இளம்பெண் தோன்றினாள். சம்மதமா என்று கேட்டாள். நஸ்ரியா மூடிய கையை நெஞ்சில் வைத்து, முன்னால் கொண்டுவந்து திறந்தாள். அந்தப் பெண்ணுக்கும் அது விளங்கிவிட்டது. பதிவாகிவிட்டது, நன்றி என்றாள்.

ஆனால் நஸ்ரியா அவளைப் போகவிடவில்லை. என் தோளைத் தட்டி, கைபேசியில் எழுதிக் காட்டினாள்: "அவ விரலை ஆட்டச் சொல்லுங்கள். கெதியா."

நான் சொன்னேன். கொழும்புப் பெண்ணுக்கு விளங்கவில்லை. இந்த அலுவலகத்தில் ஓடுவதும் இவ வாங்கப்போகும் பைபர்தான், அதில் விரல்கள் தெரிகின்றனவா என்று பார்க்க விரும்புகிறா, இவவும் தங்கச்சியும் கையாலதான் கதைக்கிறவை என்று விளக்கினேன். அவள் பக்கத்தில் யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பினாள். பிறகு வலது கையைத் தூக்கி, விரல்களை மெதுவாக அசைத்தாள். இன்னும் கெதியா என்று நஸ்ரியா காட்டினாள். அவள் பியானோ வாசிப்பதுபோல் விரல்களை ஓடவிட்டாள்.

ஒரு விரலோடு ஒரு விரல் ஒட்டவில்லை. எதுவும் துடுப்பாகவில்லை. சுண்டுவிரலின் நகப்பூச்சு உரிந்திருந்ததுகூடத் தெரிந்தது.

நஸ்ரியா திரைக்குக் கிட்டப் போய் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். டோக்கனோடு காத்திருந்தவர்கள் எழும்பி வந்து எங்கள் பின்னால் நின்றார்கள். ஜவாஹிர் அவர்களைப் போகச் சொல்லவில்லை. கொழும்புப் பெண் மற்றக் கையையும் தூக்கினாள். அந்த அலுவலகத்தில் எத்தனையோ தரம் கட்டணம் கட்ட வந்திருக்கிறேன். இவ்வளவு பேர் ஒரு கையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றதை அன்றுதான் கண்டேன்.

7

கேபிள் இழுக்க வந்தவன் அப்ராஸ். பக்கத்து வளவு ஜம்புமரத்தின் கொப்புகளுக்கு மேலால் கொண்டுவந்து, குசினி யன்னலோரம் சுவரில் துளையிட்டு உள்ளே எடுத்தான். உறையை உரித்து நுனியை விரலில் வைத்துக் காட்டினான். என் தலைமயிர் அளவுதான் கண்ணாடி இழை. அதன் வாய்க்குள் மட்டும் பார்க்க வேண்டாம், கண்ணுக்குக் கூடாது என்றான்.

இதற்குள் என்ன ஓடுகிறது என்று நஸ்ரியா எழுதிக் கேட்டாள்.

"வெளிச்சம்" என்றான் அப்ராஸ். அவள் அவன் உதட்டில் அதை வாசித்தாள். நம்பாமல் மறுபடி தட்டினாள்: "சத்தம் இல்லையா?"

"இல்ல. சத்தத்தையும் வெளிச்சமாக்கித்தான் அனுப்புறது."

(கட்டுரையாகிவிடும் ஆபத்து இங்கே இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். என் குரல் இந்த இழைக்குள் போக வேண்டுமென்றால் வேறொன்றாக மாற வேண்டும். அவளுடைய பேச்சோ தொடக்கத்திலிருந்தே வெளிச்சம். அன்று முழுக்க நான் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வேலைத்தலத்தில் இரண்டு பேரிடம் சொன்னேன். அவர்கள் இன்டர்நெட் பில் எவ்வளவு என்று கேட்டார்கள்.)

அந்தப் பின்னேரம் நஸ்ரியா என்னையும் கூப்பிட்டாள். பஸ்மியா திரையில் வந்தாள். முதலில் தன் கையை விரித்து முன்னும் பின்னும் திருப்பினாள். நஸ்ரியாவும் திருப்பினாள். கடையில் புதுக் கையுறை போட்டுப் பார்க்கும் இருவர் மாதிரி.

பிறகு தொடங்கினார்கள். அதற்குமுன் அவர்கள் கதைத்ததை நான் பார்த்திருக்கிறேன்: ஒவ்வொன்றாக, நிறுத்தி, மூன்றுதரம் திருப்பிச் சொல்லி. அதுதான் அவர்கள் மொழியின் நடை என்று நினைத்திருந்தேன். இல்லை, அது பழைய ரவுட்டரின் நடை. இப்போது ஒருத்தியை மற்றவள் இடைமறித்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாரையோ பழித்துக் காட்டினார்கள். ஒரு சைகை பாதியில் நிற்க, மற்றவள் அதை முடித்துவைத்தாள்.

இன்னொன்றையும் கண்டேன். நஸ்ரியா கைகளை விரிக்கவேயில்லை. பேச்சு முழுவதையும் நாடிக்குக் கீழே, ஒரு தேநீர்ச் சோசர் அளவு இடத்துக்குள் வைத்திருந்தாள். மான்கொம்புகள் நாடிக்கடியில் எழும்பிய இரண்டு சுண்டுவிரல்களாகியிருந்தன. கிண்ணியாத் துறை இரண்டு விரல் அகலத்தில் தளும்பியது. தங்கையின் பார்வை எவ்வளவு சுருங்கியதோ அவ்வளவுக்கு அக்கா தன் மொழியைச் சுருக்கி அதற்குள் வைத்திருந்தாள், ஒரு சொல்லையும் வெளியே விடாமல். இதை எப்போது பழகினாள் என்று எனக்குத் தெரியாது. நான் அறிந்த எந்த எழுத்துக்காரரும் இதைச் செய்ததில்லை.

பஸ்மியா ஏதோ கேட்டாள். நஸ்ரியா நானும் அவளும் தெரியும்படி கைபேசியைத் திருப்பிவிட்டு, ஒரு விரலால் இல்லாத மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளி, அதே விரலால் காற்றில் ஒரு கோடு கிறுக்கினாள். திரையில் பஸ்மியா முகமெல்லாம் சிரிப்பாகத் தலையாட்டினாள். பிறகு நஸ்ரியா எனக்கு எழுதினாள்: "அது நீங்கள். உங்கள் பெயர்."

எப்போதிருந்து என்று கேட்டேன்.

"நீங்கள் மேல் வீட்டுக்கு வந்த வருடம்."

இரண்டு பேர் மட்டும் பேசும் ஒரு மொழியில் எனக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது. இத்தனை வருடமாக அது கடலுக்கடியால் லெஸ்டருக்குப் போய் வந்திருக்கிறது, உடைந்தும் உறைந்தும். எனக்குத்தான் தெரியவில்லை.

8

முடிவுகள் மூன்று எழுதினேன்.

(அ) பஸ்மியா ஊருக்கு வருகிறாள். பார்வை முற்றாகப் போய்விட்டது. அக்காவின் கைகளின்மேல் தன் கைகளை வைக்கிறாள்.

(ஆ) ஒப்பந்தம் முடிகிறது. பார்வை முடியவில்லை. நஸ்ரியா மறுபடி கிளை அலுவலகத்துக்குப் போய் ஜவாஹிரிடம் இன்னும் இரண்டு வருடம் கேட்கிறாள்.

(இ) ஒரு பின்னேரம் படம் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது. நஸ்ரியாவின் பத்து விரல்களும் முழுதாகப் போய்ச் சேருகின்றன. அந்தப் பக்கத்தில் பஸ்மியா

(இதை முடிக்க என்னால் ஏலவில்லை.)

மூன்றையும் நஸ்ரியாவுக்கு அனுப்பினேன். எதையாவது வெட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றையும் வெட்டவில்லை. ஒரு வரி மட்டும் வந்தது.

"இன்னும் கதைக்கிறோம். நீங்கள் ஏன் முடிக்கிறீர்கள்?"

ஆகவே நான் முடிக்கவில்லை. முடிக்கும் உரிமை எனக்கு இருக்கிறதென்றும் இப்போது நம்பவில்லை. வேண்டுமென்றால் நீங்கள் அந்த மூன்றில் ஒன்றைத் தெரிந்தெடுக்கலாம், நாலாவது ஒன்றையும் செய்யலாம். அதற்குமுன் ஒன்று சொல்ல வேண்டும். இப்போதும் பின்னேரம்தான். கீழே, குசினியில், நஸ்ரியா சிரிக்கிறாள். தன் சிரிப்பைத் தான் ஒருநாளும் கேட்டிராத ஒருத்தியின் பெரிய, வெட்கமில்லாத சிரிப்பு. படிகளில் ஏறி என் மேசைவரை வருகிறது. லெஸ்டரிலிருந்து பஸ்மியா ஏதோ சொல்லியிருக்கிறாள். என்னவென்று எனக்குத் தெரியாது.

என்ன சொல்லியிருப்பாள்? நீங்கள் எழுதுங்கள்.